கல்லாப் பக்கம் வந்த கல்லூரிப் பிள்ளைகள்

தை பிறந்ததும் நம் கடைகளுக்கு ஒரு புது வகை ஆட்கள் வரத் தொடங்குவார்கள். தோளில் மடிக்கணினிப் பை, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. தனியாக வர மாட்டார்கள், மூன்று பேரோ நான்கு பேரோ சேர்ந்துதான் வருவார்கள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, "அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம் பேசலாமுங்களா? ஃபைனல் இயர் பிராஜெக்டுங்க" என்பார்கள். மளிகைக் கடைக்கென்று ஒரு செயலி, அவர்கள் வாயில் 'ஆப்', செய்யப் போகிறார்களாம்.

நம்மில் பெரும்பாலோர் "அப்புறமா வாங்க தம்பி" என்று அனுப்பிவிடுகிறோம். நானும் பல வருடம் அனுப்பியவன்தான். பிறகு இரண்டு குழுக்களைக் கடைக்குள் விட்டேன். முதல் குழுவால் எனக்கு நஷ்டம். இரண்டாவது குழு செய்து கொடுத்ததை இன்றும் கல்லாவில் வைத்து உபயோகிக்கிறேன். இரண்டு குழுவிலும் பிள்ளைகள் கெட்டிக்காரர்களே. செயலிக்குத் திட்டம் போட்ட நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேனா, இல்லையா என்பதில்தான் வித்தியாசம். அதைச் சக வணிகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கருப்பூரில் சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966ல் தொடங்கியது. திருச்செங்கோட்டில் கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி 1994லும், சேலம் சோனா கல்லூரி 1997லும் வந்தன. இராசிபுரம், நாமக்கல் பக்கம் சாலையோரம் போனால் அடுத்தடுத்துப் பெயர்ப் பலகைகள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டப்படி கடைசி செமஸ்டரில் பிராஜெக்ட் கட்டாயம். குழுவாகச் சேர்ந்து செய்யலாம். இடையில் மூன்று முறை ஆசிரியர் குழு முன்பாகக் காட்ட வேண்டும். முடிவில் அறிக்கை எழுதி, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு. ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

இந்த நெருக்கடியில் சில பிள்ளைகள் பிராஜெக்டை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். நாம் மசாலாப் பொடிப் பாக்கெட் தொங்கவிடுவது போல ரெடிமேட் பிராஜெக்ட் விற்கும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன? கடை வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிய நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. அரசாங்கத் தரப்பில் வேறு முயற்சிகள் நடக்கின்றன. மத்திய அரசின் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017ல் தொடங்கியது. 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 'நிரல் திருவிழா' என்று ஒன்று நடத்துகிறார்கள். துறைகளும் தொழில் நிறுவனங்களும் சொல்லும் உண்மையான பிரச்னைக்கு மாணவர்கள் தீர்வு செய்து காட்ட வேண்டும். ஆனால் மளிகைக் கடைக்காரனின் பிரச்னையை நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்பா கேட்டார், மகன் எழுதினார்

செயலி கியலி என்பதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நம்மில் பலர் கணக்கருக்குச் சம்பளம் கொடுத்துப் போடச் சொல்லும் 'டாலி' இப்படிக் கடைக்கணக்கில்தான் பிறந்தது. எஸ்.எஸ்.கோயங்கா என்பவர் ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரி பாகங்களும் சப்ளை செய்து வந்தார். அன்று கிடைத்த கணக்கு சாஃப்ட்வேர் எதுவும் அவருடைய வியாபாரத்துக்குச் சரிப்பட்டு வரவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986ல் அது வெளிவந்தது. பெங்களூரில் உள்ள அந்த நிறுவனத்துக்கு 1999ல் டாலி சொல்யூஷன்ஸ் என்று பெயர் மாறியது. பரத் கோயங்காவுக்கு 2020ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கணக்குகளுக்குக் குறியீட்டு எண் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பெயரைத் தட்டினாலே போதும் என்ற வசதிதான் டாலிக்கு வியாபாரிகளிடம் பெயர் வாங்கிக் கொடுத்தது. வியாபாரியான தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் இப்படிப்பட்ட வசதி வரும்.

கடன் நோட்டுக்கென்றே வந்த ஓகே கிரெடிட் செயலியும் அப்படித்தான். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த மூன்று பேர் 2017ல் பெங்களூரில் தொடங்கியது. நாம் நோட்டில் எழுதும் பற்று வரவுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சரக்கு. அதுவும் கட்டாபுக்கும் நம் உறுப்பினர்கள் சிலரிடம் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. 'அப்படியானால் பிள்ளைகள் செய்யும் செயலி எதற்கு?' என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

நோட்டை மூடியது என் தப்பு

2023 ஜனவரியில் முதல் குழு வந்தது. அரை மணி நேரம் பேசினேன். "உங்களுக்குத் தெரியாததா தம்பி, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுச் சரக்கு இறக்கப் போய்விட்டேன். மார்ச் கடைசியில் கொண்டுவந்து காட்டினார்கள். பார்க்க அழகு. திறந்தால் பச்சை நிறத்தில் கடை படம் சுழன்று வரும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும். வாடிக்கையாளரைச் சேர்க்க வேண்டுமானால் செல்போன் எண் கொடுத்தே ஆக வேண்டும். அளவு என்ற இடத்தில் 1 கிலோ, 2 கிலோ, 5 கிலோ என்று பட்டியல்.

கடன் நோட்டில் மாசக் கடைசியில் கூட்டல் போடுவது எனக்குப் பெரும்பாடு. அதனால் குறைகளைப் பொறுத்துக்கொண்டு, இரண்டு தெரு வாடிக்கைகளை மட்டும் அதில் ஏற்றினேன். 37 வீடுகள். ஏப்ரலில் ஆரம்பித்தேன். மே மாதம் வரை நோட்டிலும் எழுதினேன். ஜூன் மாதம் 'இரண்டு வேலை எதற்கு' என்று நோட்டை மூடிவிட்டேன். ஆகஸ்டில் ஒரு காலை செயலியைத் திறந்தால் சர்வரோடு தொடர்பு இல்லை என்று வந்தது. அடுத்த நாளும் அதே. கணக்கு முழுவதும் எங்கோ தூரத்தில் ஒரு சர்வரில் இருந்திருக்கிறது. இலவசமாக எடுத்த இடம், அதன் தவணை முடிந்துவிட்டது. அதற்குக் கொடுத்த மின்னஞ்சல் கல்லூரி கொடுத்தது. படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிட்டது. தம்பி ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். பாவம், நாலைந்து தடவை முயற்சி செய்து பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்ண்ணா" என்றான்.

இரண்டு மாதக் கணக்கு போயிற்று. ஒவ்வொரு வீடாகக் கேட்டு, என் ஞாபகத்தையும் அவர்கள் ஞாபகத்தையும் வைத்துப் பேசி முடித்தோம். பெரும்பாலோர் நேர்மையாகவே சொன்னார்கள். நான் மறந்திருந்ததை எடுத்துச் சொன்ன அம்மாவும் உண்டு. இருந்தாலும் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் நின்றுபோனது. அதைவிட, 'அண்ணன் கடையில கணக்கு தொலஞ்சுபோச்சாம்' என்று தெருவில் பேச்சு வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பிராஜெக்டில் நல்ல மதிப்பெண் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் கல்லாவில் உட்காரு

2025 ஜனவரியில் இன்னொரு குழு வந்தது. இரண்டு பெண்கள், ஒரு பையன். முந்தைய கதையைச் சொன்னேன். "கம்ப்யூட்டரை வீட்டில வெச்சிட்டு வாங்க. ஒரு வாரம், சாயந்தரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் கல்லாப் பக்கத்தில உட்காருங்க. நடக்கிறதை எழுதுங்க. அதுக்கப்புறம் பேசலாம்" என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் வந்தார்கள்.

முதல் நாளே ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, இவங்க பேரே உங்க நோட்டில இல்லீங்களே, எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என் நோட்டில் பெயர்கள் இப்படித்தான் இருக்கும்: 'கோயில் வீதி பால்காரர் வீடு', 'தறி மேஸ்திரி அக்கா', 'வேப்பமரத்து வீடு'. செல்போன் எண் பாதிப் பேருக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவையும் வருடத்துக்கு ஒரு முறை மாறும். எண் கொடுக்காவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்கிற செயலி என் கடையில் பாதிக் கடனை எழுதாது. அந்த வாரமே அவர்கள் 'எண் கட்டாயம்' என்பதை அடித்துவிட்டார்கள். பெயருக்குப் பதில் தெரு, அடையாளம் எதைக் கொடுத்தாலும் தேடித்தரும்படி மாற்றினார்கள்.

இரண்டாம் நாள் அளவு விஷயம் வந்தது. "இருபது ரூபாய்க்கு சர்க்கரை, பத்து ரூபாய்க்கு துவரம்பருப்பு" என்று கேட்கும் ஊர் இது. எடையைப் போட்டால்தான் விலை வரும் என்ற செயலி இங்கே தலைகீழ். ரூபாயைப் போட்டால் போதும், எடை வேண்டுமானால் அது கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். அரிசி மூட்டைக்கு 25 கிலோ என்று பையன் எழுதி வைத்திருந்தான். "தம்பி, 26 கிலோ" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி 25 கிலோ வரை கட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும், 26 கிலோ மூட்டை பிறந்த கதையைச் சொன்னேன். செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ, முட்டை அட்டைக்கு 30. அளவுப் பட்டியலைப் பொறியாளர் வீட்டிலிருந்து எழுதக் கூடாது, கடைக்காரரே சேர்த்துக்கொள்ளும்படி காலி இடம் விட வேண்டும் என்று முடிவானது.

மூன்றாம் நாள் மற்றொரு பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக் கூட்டத்தில் ஒரு கடனை நோட்டில் எழுத நான் எடுத்துக்கொண்டது எட்டு விநாடி. பழைய செயலியில் அதே வேலையைச் செய்யச் சொன்னாள். நாற்பது விநாடிக்கு மேல் ஆயிற்று, பின்னால் நின்றவர் முனகத் தொடங்கிவிட்டார். "அப்போ எட்டு விநாடிக்குள்ள முடியணும்ங்க" என்று அவளாகவே சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு இந்தப் பிள்ளைகள் மேல் நம்பிக்கை வந்தது.

எண்ணெய் ஊற்றிய கையால் தொட்டால் செல்போன் கேட்காது என்பதும் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். பொத்தான்களைப் பெரிதாக்கினார்கள். திரையின் அடியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைத்தார்கள். என் மனைவிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிய வேண்டும் என்று எழுத்தையும் பெரிதாக்கினார்கள். எல்லாம் தமிழில். 'கஸ்டமர் லெட்ஜர்' என்று வைத்திருந்ததை 'பற்று வரவு' என்று நான்தான் மாற்றச் சொன்னேன்.

அடித்த கோடு தெரிய வேண்டும்

அந்த வாரத்தில் நடந்த இரண்டு வாக்குவாதங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, நிலுவையை எப்படி வைப்பது என்பது. பையன் ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு கட்டத்தில் மொத்த நிலுவையை வைத்து, கடன் வாங்கினால் கூட்டி, கொடுத்தால் கழித்துக்கொண்டே போகும்படி போட்டிருந்தான். சுலபமான வழிதான். ஆனால் மாசக் கடைசியில் "எனக்கு எப்படிண்ணா ஆயிரத்து நானூறு வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டால் காட்ட என்ன இருக்கிறது? பேரேடு எழுதுபவருக்கு இது தெரிந்த விஷயம். ஒவ்வொரு வரியும் தேதியோடு நிற்க வேண்டும். நிலுவை என்பது அந்த வரிகளைக் கூட்டி வருவது. அதேபோல் தப்பாக எழுதியதை நாம் ரப்பரால் அழிப்பதில்லை, கோடு போட்டு அடிக்கிறோம். பழைய தொகை அடியில் தெரியும். அதனால்தான் வாடிக்கையாளர் நம் நோட்டை நம்புகிறார். செயலியில் 'டெலிட்' என்று அழுத்தினால் தடயமே இல்லாமல் போய்விடுகிறது. "அடிச்சது அடிச்சபடி தெரியணும் கண்ணு" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அழிக்கும் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். தப்பான வரி மேல் குறுக்குக் கோடு விழும், வரி அங்கேயே நிற்கும். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் இதைத்தான் அதிக நேரம் கேட்டாராம்.

இரண்டாவது, குறுஞ்செய்தி. கடன் எழுதியதும் வாடிக்கையாளர் செல்போனுக்குத் தானாகச் செய்தி போக வேண்டும் என்று மூவரும் ஆசைப்பட்டார்கள். மொத்தமாக வியாபாரச் செய்தி அனுப்ப, டிராய் 2018ல் கொண்டுவந்த விதிப்படி நிறுவனத்தையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு இருந்த ஆட்சேபணை வேறு. பல வீடுகளில் ஒரே செல்போன். அது கணவர் கையில் இருக்கும், அல்லது படிக்கும் பையன் கையில் இருக்கும். தறிக் கூலி சனிக்கிழமை வரும், அதுவரை அந்த அம்மா நம்மிடம் இருநூறு முந்நூறுக்குச் சாமான் வாங்கி வீட்டை ஓட்டுகிறார். அதை வீட்டில் எல்லோருக்கும் தெரியப்படுத்த நாம் யார்? அந்தப் பெண்கள் இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது. பையனுக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது. கேட்பவருக்கு மட்டும், அதுவும் நாம் கையால் அழுத்தினால் மட்டும் செய்தி போகும்படி வைத்தார்கள்.

காலண்டர் தாளில் செயலி

ஒரு வாரம் முடிந்ததும் அவர்கள் கம்ப்யூட்டரை எடுப்பார்கள் என்று பார்த்தால், என்னிடம் பழைய தினசரிக் காலண்டர் தாள்களைக் கேட்டார்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் ஒரு திரை. பொத்தான் வரும் இடத்தில் பென்சிலால் கட்டம். நான் கட்டத்தைத் தொட்டால் பையன் அடுத்த தாளை எடுத்து வைப்பான். இப்படி விளையாடியே இருபத்து மூன்று திரை என்று ஆரம்பித்ததை ஏழாகக் குறைத்தோம். கடன் எழுத மூன்று தொடுதல்: ஆள், தொகை, சரி. சாமான் பெயர் வேண்டுமானால் பிறகு சேர்க்கலாம். தாளில் அழித்துத் திருத்தச் செலவு கிடையாது. செய்து முடித்த பிறகு திருத்தினால் ஒரு வாரம் போகும் என்று அவர்களே சொன்னார்கள்.

சில ஆசைகளை வெட்டினோம். யு.பி.ஐ.யில் வந்த பணத்தைச் செயலியே பார்த்து வரவு வைக்கும் என்றார்கள். வங்கியோடோ பணப் பரிமாற்ற நிறுவனத்தோடோ ஏற்பாடு இல்லாமல் அது நடக்காது. என் செல்போனுக்கு வரும் வங்கிச் செய்தியைப் படிக்க ஒரு செயலிக்கு அனுமதி கொடுக்க நான் தயாராக இல்லை. ஸ்பீக்கர் சொல்வதைக் கேட்டு நானே வரவு எழுதிக்கொள்கிறேன். 'ஏ.ஐ.' ஏதாவது சேர்க்காவிட்டால் ரிவ்யூவில் கேட்பார்கள் என்று பையன் கவலைப்பட்டான். நாற்பத்தைந்து நாளாக ஒன்றும் கட்டாதவர்களின் பட்டியல் ஒன்று போட்டுக் கொடு, அதுவே எனக்குப் போதும் என்றேன். அதற்கு ஏ.ஐ. தேவைப்படவில்லை.

வரி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். விலைப் பட்டியலில் சோப்புக்கு 18 சதவீதம் என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டிருந்தார்கள். 2017 ஜூலை 1ல் ஒரு தடவை, 2022 ஜூலையில் ஒரு தடவை என்று நாம் பட்டது நமக்குத் தெரியும். வரி விகிதத்தை வெளியே ஒரு பட்டியலில் வை, எந்தத் தேதி முதல் எவ்வளவு என்று நானே மாற்றிக்கொள்ளும்படி வை என்றேன். வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22ல் சோப்புக் கட்டி, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18லிருந்து 5க்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5க்கு வந்தன. அப்போது மூவரும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். முதல் நாள் இரவு கடை அடைத்த பிறகு நானும் என் மகளும் உட்கார்ந்து மாற்றினோம். பழைய பில்களில் பழைய விகிதம் அப்படியே நின்றது.

கணக்கு யார் வீட்டில் இருக்கிறது?

முதல் குழுவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி இது. இந்த முறை முதல் நாளே கேட்டேன். ஆண்ட்ராய்டு செல்போனுக்குள்ளேயே கணக்கை வைத்துக்கொள்ள எஸ்.க்யூ.லைட் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருப்பது, விலை இல்லை, இண்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும். அதில்தான் கணக்கு. தினமும் கடை அடைக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் முழுக்கணக்கும் ஒரு கோப்பாக என் பெயரில் உள்ள கூகுள் டிரைவுக்குப் போகும். அந்தக் கோப்பை எக்ஸலில் திறக்கலாம், அச்செடுக்கலாம். செயலியே நாளை இல்லாமல் போனாலும் கணக்கு இருக்கும். ஓகே கிரெடிட் போன்றவற்றில் கணக்கு அந்த நிறுவனத்தின் இடத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு பாதுகாப்புதான், செல்போன் தொலைந்தால் கவலையில்லை. ஆனால் எந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு கடன் என்பதை வெளியே கொடுக்காமல் என் பெட்டியிலேயே வைத்துக்கொள்ள நான் விரும்பினேன். அவரவர் முடிவு. நம் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் கடனும் அவருடைய சொந்த விவரம் என்பதை 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பிராஜெக்ட் அறிக்கையில் என் நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து ஒட்டப் பார்த்தார்கள். பெயர்களை மாற்றிய பிறகே அனுமதித்தேன்.

செயலியை ஒப்புக்கொள்ளுமுன் ஒரு சோதனை வைத்தேன். என் கண் முன்னால் செயலியை அழிக்கச் சொன்னேன். "இப்போ கணக்கைக் கொண்டு வா" என்றேன். முதல் தடவை கொண்டுவர முடியவில்லை. கோப்பு இருந்தது, ஆனால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. நான்கு நாள் கழித்து வந்து சரியாகக் காட்டினார்கள். அதன் பிறகும் மூன்று மாதம் நோட்டை மூடவில்லை. சூடு கண்ட பூனை.

செய்த செயலியைப் பிளே ஸ்டோரில் வைக்க அவர்களுக்கு நம் உதவி தேவைப்பட்டது. கணக்கு தொடங்க 25 டாலர், ஒரே தடவை. ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபராகக் கணக்கு தொடங்கியவர்கள், பொதுவில் விடுமுன் சிலரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திக் காட்ட வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். பெரும்பாலான குழுக்கள் விடுதித் தோழர்களை வைத்து இதை ஒப்பேற்றிவிடுகின்றன. இவர்களுக்கு எங்கள் வீதியில் மளிகை, காய்கறி, அரிசி மண்டி என்று 12 கடைக்காரர்களைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் முப்பதுக்கும் மேல் குறை சொன்னார்கள். அரிசி மண்டிக்காரர் சொன்னதில் பாதியை இன்னும் சரிசெய்யவில்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு எல்லாம் அவருக்குத் தனித்தனி வரியாக வேண்டும். மொத்த வியாபாரத்துக்கு இது போதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு ஜாக்கிரதை. சோதனைக்கென்று பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்புவார்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் இதே வகைக் கோப்பைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நாடு முழுவதும் உண்டு. தெரிந்த பிள்ளைகள் கொடுத்தாலும், வங்கியும் யு.பி.ஐ.யும் இருக்கும் செல்போனில் ஏற்ற வேண்டாம். பழைய செல்போன் ஒன்றை சிம் இல்லாமல் இதற்கென்று வையுங்கள். என் கல்லாவில் இருப்பது மகள் மாற்றிப் போட்ட பழைய செல்போன்தான்.

இனி வரும் குழுக்களுக்குக் கடையைத் திறந்துவிட விருப்பமுள்ள உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். கல்லூரி ஆசிரியர் கடிதத்தோடு வருபவர்களை அங்கிருந்து அனுப்பி வைப்பார்கள். ஒரு வாரம் சாயந்தரம் அவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல், பழைய காலண்டர் தாள், நடுவில் ஒரு டீ. இதற்கு மேல் செலவில்லை. பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், நாமும் அவர்களுக்குப் பணம் தருவதாக ஆசை காட்ட வேண்டாம்.

இந்தத் தையில் எனக்கு ஒரு குழு வந்திருக்கிறது. நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள். முட்டைக்குச் செயலி செய்கிறார்களாம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு சொல்லும் நாமக்கல் மண்டல விலையை எடுத்துப் போட்டால் கடை விலை தானாக வந்துவிடும் என்று சொன்னார்கள். அது பண்ணை விலை தம்பி, என்றேன். நேற்று வந்த அட்டை எந்த விலைக்கு வந்தது, இன்று எந்த விலைக்குப் போகிறது, முப்பதில் எத்தனை உடைந்தது, உடைந்ததை யார் தலையில் எழுதுவது? திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முட்டை வண்டி வரும், அப்போது வரச் சொல்லியிருக்கிறேன்.